சோப்பு டப்பாவில் இருந்த குரல்

திங்கட்கிழமை காலை, கச்சிராயபாளையத்தில் மலைக்குப் போகும் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். குணசேகரன் சாரின் மனைவி மல்லிகா போன் செய்தாள். "அவரு போய்ட்டாருங்க டீச்சர்" என்றாள். தினமும் ஒரே பஸ்ஸில் போகிறவர்கள் நானும் சாரும். "எந்த பஸ்ல மல்லிகா?" என்று கேட்டுவிட்டேன். அந்தப் பக்கம் அழுகைதான் கேட்டது. தூக்கத்திலேயே மாரடைப்பாம். அந்தக் கேள்வியை நினைத்தால் இப்போதும் என் வாயை நானே அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அவரை அறிந்த உங்களுக்கு அவருடைய பழைய குரல் நினைவிருக்கும். மலைப்பள்ளியில் அவர் கணக்கு, நான் தமிழ். அவர் எட்டாம் வகுப்பில் அதட்டினால், அடுத்த அறையில் என் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். தொண்டையில் அறுவை சிகிச்சை முடிந்து வந்தபோது அந்தக் குரல் வெறும் காற்றாகியிருந்தது. ஏதாவது அலுவலக வேலை கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள் என்று எல்லாரும் சொன்னோம். அவர் தலையை மட்டும் ஆட்டினார். லீவு நாளில் ரேடியோ, அலாரம் என்று எதையாவது சால்டர் பண்ணிக்கொண்டிருப்பது அவருக்குப் பொழுதுபோக்கு. அந்தக் கையால் தனக்கே ஒரு குரல் செய்துகொண்டார். காதில் மாட்டும் மைக், இடுப்பில் தொங்கும் சின்ன ஸ்பீக்கர், அதற்குள் ஒரு லித்தியம் பேட்டரி.

பேட்டரி வாங்க ஒருநாள் கள்ளக்குறிச்சிக்கு அவரோடு போனேன். கடைக்காரர் ஒன்றை எடுத்து நீட்டினார். அதன் மேல் பெரிதாக 9900 mAh என்று அச்சடித்திருந்தது. "இது எடுத்துக்குங்க சார், பவர் ஜாஸ்தி" என்றார். இவர் அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு என் காதில் முணுமுணுத்தார். நான் அதை உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது: "இந்த சைஸ்ல அதுல பாதி கூட வராதாம். எடையும் ரொம்ப கம்மியா இருக்காம்." கடைக்காரர் என்னைத்தான் முறைத்தார்.

கடைசியில் நம்பகமான கம்பெனி பேட்டரியாக, அடியில் பாதுகாப்புச் சில்லு வைத்ததை வரவழைத்தார். அந்தச் சில்லால் அது ஒரு பொட்டு கூடுதல் நீளம். ஸ்பீக்கர் பெட்டிக்குள் நுழையவில்லை. சில்லு இல்லாத குட்டையானதை வாங்கிவிட்டால் தீர்ந்தது என்று எனக்குத் தெரிந்த யோசனையைச் சொன்னேன். "சில்லு இல்லன்னா தீப்புடிச்சாலும் புடிக்கும். இத இடுப்புல கட்டிக்கினு பசங்க நடுவுல நிக்கணும் டீச்சர். எடம் பத்தலன்னா பெட்டியத்தான் மாத்தணும்" என்றார். பெட்டியை அறுத்து ஸ்பிரிங்கை மாற்றி வைத்தார்.

அந்தச் சில்லுக்கு ஒரு குணம் உண்டு. சார்ஜ் ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால், பேட்டரி கெட்டுவிடாமல் இருக்க அதுவே இணைப்பைத் துண்டித்துவிடும். குரல் மெல்லத் தேயாது. சொல்லின் நடுவில் டக்கென்று நின்றுவிடும். நான் சும்மா இருப்பேனா? மிச்சத்தை நானே சொல்லி முடித்துவிடுவேன், பெரும்பாலும் தப்பாக. அவர் உள்ளங்கையைக் காட்டி என்னை நிறுத்துவார். மாற்று பேட்டரியைச் சாவியோடும் சில்லறையோடும் சேர்த்துப் பையில் போட மாட்டார். அதற்கென்று ஒரு சோப்பு டப்பா வைத்திருந்தார். அதைத் திறந்து, மாற்றி, விட்ட சொல்லிலிருந்தே தொடங்குவார். ஒருமுறை சொன்னார்: "என் பேச்ச நீங்க முடிக்காதீங்க டீச்சர். எனக்கு மிச்சம் இருக்கறதே அதான்." அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு உறைத்தது.

சாப்பாட்டு நேரத்தில் ஆசிரியர் அறையின் மூலையில், காகிதம் துணி எதுவும் அண்டாத சிமெண்டுத் தரையில் வைத்துத்தான் சார்ஜ் போடுவார். வெயிலில் காய்ந்த பையிலிருந்து எடுத்தவுடன் போட மாட்டார், ஆறட்டும் என்பார். நிறைந்ததும் தானே நின்றுவிடும் சார்ஜர்தான். ஆனாலும் பக்கத்திலேயே உட்கார்ந்து அவ்வப்போது சூடு தொட்டுப் பார்ப்பார். தலைமையாசிரியர் கூப்பிட்டாலும், "சார்ஜ் ஏறிக்கினு இருக்கறப்ப தனியா வுட்டுட்டு வரக் கூடாதுங்க சார்" என்பார். ஒருநாள், அவருடைய வோல்ட் மீட்டர் பூஜ்யம் காட்டிய பேட்டரியை, செத்துவிட்டது என்று குப்பையில் போடப் போனேன். வாங்கிக்கொண்டார். "சாவல. கதவ சாத்திக்கினு இருக்கு. சார்ஜர்ல வெச்சா தொறக்கும். தொறந்தப்புறமும் ரெண்டரை வோல்ட்டுக்குக் கீழ காட்டினாத்தான் தொடக் கூடாது."

அந்தக் கடைசி வெள்ளிக்கிழமை, வெள்ளிமலையில் பஸ்ஸுக்கு நின்றோம். "டீச்சர், ரொம்ப நாளா உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன். அது இன்னான்னா..." என்றார். நின்றுவிட்டது. டப்பாவைத் திறந்தார். மாற்று பேட்டரி காலையிலேயே தீர்ந்திருந்தது. என் வாய் துறுதுறுத்தது, அடக்கிக்கொண்டேன். பஸ் வந்துவிட்டது, எஞ்சின் இரைச்சலில் அவருடைய காற்றுக் குரல் எதுவும் கேட்கவில்லை. சிரித்துக்கொண்டே, திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று கையை ஆட்டினார்.

காரியத்தன்று மல்லிகா அந்தப் பெட்டியையும் சோப்பு டப்பாவையும், கூடவே சார்ஜரையும் மீட்டரையும் என்னிடம் கொடுத்தாள். "இந்த வூட்ல யாருக்கும் இத தொடத் தெரியாதுங்க. நீங்களே வெச்சிக்குங்க" என்றாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "கடைசியா உங்ககிட்ட இன்னா சொன்னாரு டீச்சர்?"

அவளுக்கு ஆறுதலாக எதையாவது சொல்லியிருக்கலாம். உன்னைப் பற்றித்தான் பேசினார் என்றால் நம்பியிருப்பாள், ஒருவேளை அது உண்மையாகவும் இருந்திருக்கலாம். "பாதியில நின்னுடுச்சு மல்லிகா" என்றேன். அவளுக்கு அது பழக்கமானதுதான். தலையை ஆட்டிக்கொண்டே அழுதாள்.

மறுநாள் மத்தியானம் வீட்டுக் கூடத்தில், வெறும் தரையில் சார்ஜரை வைத்தேன். மீட்டர் பூஜ்யம் காட்டியது. சார்ஜரில் வைத்ததும் பேட்டரி கண் திறந்தது. மறுபடி அளந்தேன். மூன்றுக்கு மேல் காட்டியது, பயமில்லை. அடுப்பில் குழம்பு தீய்ந்தும் நான் எழுந்திருக்கவில்லை. தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, பச்சை விளக்கு வரும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். பிறகு பெட்டியில் போட்டு சுவிட்சைத் திருகினேன். ஸ்பீக்கரில் லேசான இரைச்சல் மட்டும் வந்தது. அவர் பேசத் தொடங்குமுன் எப்போதும் வருகிற அதே இரைச்சல். தாங்க முடியாமல் அழுதேன்.

என்னிடம் அவருடைய பெட்டி இருக்கிறது, டப்பா இருக்கிறது, ஒரு பாதிப் பேச்சும் இருக்கிறது. அடுத்தவர் பேச்சை முடித்தே பழகிய வாய் இது. எத்தனையோ விதமாக அதை முடித்துப் பார்க்கச் சொல்கிறது. நான் உள்ளங்கையைக் காட்டி நிறுத்தி வைத்திருக்கிறேன்.