பாட்டு கிடைக்காத பிரதமர்

பசெமெத்தாவிடம் வருஷக் கணக்கு கேட்டால் பிரதமர் கணக்கில்தான் பதில் வரும். மூத்த மகள் பிறந்தது, படகைப் பார்த்தாலே வாந்தி எடுக்கும் பிரதமர் காலத்தில். வீட்டுக்குத் தகரக் கூரை போட்டது, கொளுத்துகிற வெயிலிலும் கோட்டைக் கழற்றாத பிரதமர் காலத்தில். இடையில் ஒருவர் சில மாதங்களே இருந்தார். அந்த ஆட்சியில் அவள் வீட்டுப் பன்றி ஒன்று காணாமல் போனதைத் தவிரச் சொல்லிக்கொள்ள எதுவும் நடக்கவில்லை.

கணவர் எத்தி ஜெர்மன் சரக்குக் கப்பலில் மாலுமி. வருஷத்துக்கு ஒரு முறை, பசிபிக் தீவு நாடான துவாலுவின் தலைநகர் ஃபுனாஃபுட்டியில் வந்து இறங்குவார். பெட்டியைக் கீழே வைக்குமுன் முதல் கேள்வி இதுதான்:

"நான் போறப்ப இருந்தவர் எங்க?"

"இறக்கியாச்சு."

"இப்ப யாரு?"

"குளிச்சிட்டு வாங்க. அதுக்குள்ள மாறலன்னா சொல்றேன்."

துவாலுவின் பாராளுமன்றம் அவ்வளவு சிறியது. ஒரே ஓர் உறுப்பினர் நாற்காலி மாறி உட்கார்ந்தால் போதும், அரசாங்கம் கவிழ்ந்துவிடும். லண்டனில் இருந்த ராணி மட்டும் மாறவேயில்லை. சுதந்திரத்துக்கு முன்னாலும் அலுவலகச் சுவரில் அவர்தான், பின்னாலும் அவர்தான். பசெமெத்தாவுக்குத் தலை நரைத்த பிறகுதான் அந்த ஆணியில் ராஜாவின் படம் ஏறியது.

"ராணிக்கு ஒரு பாட்டு, ராஜாவுக்கு ஒரு பாட்டு. இந்தப் பிரதமருங்க மட்டும் இல்லன்னா நான் ரெண்டே பாட்டோட ஓய்ஞ்சு போயிருப்பேன்" என்பாள்.

அவளுடைய பெயரும் புகழும் பாட்டால் வந்தவை. அவள் பிறந்த நனுமாங்கா தீவுக்காரர்கள் தலைநகரில் தங்களுக்கென்று ஓர் ஊர்க்கூடம் வைத்திருக்கிறார்கள். யார் பிரதமராக வந்தாலும் அங்கே அழைத்து விருந்து வைத்து, ஃபாத்தெலே ஆடுவது வழக்கம். நடுவில் ஒரு பலகைப் பெட்டி. ஆண்கள் அதைச் சுற்றி உட்கார்ந்து உள்ளங்கையால் அறைவார்கள். பெண்கள் பின்னால் நின்று ஆடுவார்கள். பாட்டு நாலு வரிதான். மெதுவாகத் தொடங்கி, திரும்பத் திரும்பப் பாடி, வேகம் ஏறி ஏறி, கூரை பிய்த்துக்கொள்ளும் என்று தோன்றுகிற இடத்தில் வெட்டினாற்போல் நின்றுவிடும்.

அந்த நாலு வரியைக் கட்டுவது பசெமெத்தா. பத்தொன்பது வயதில் தொடங்கினாள். பாட்டுக் கட்ட வேண்டியவர் வெளித்தீவிலிருந்து வந்த கப்பல் தாமதமாகிவிட, பேக்கரியில் மாவு பிசைந்துகொண்டிருந்த இவளைக் கையில் ஒட்டிய மாவோடு இழுத்துப் போனார்கள். அன்றிலிருந்து பேக்கரி வேலையும் இவளுடையது, பிரதமர் பாட்டும் இவளுடையது. வரிகள் வருவதும் மாவு பிசையும்போதுதான்.

மூன்று வரி புகழ்ச்சி, ஒரு வரி கடி. அதுதான் பசெமெத்தாவின் கைப்பக்குவம். படகைக் கண்டு பயந்தவருக்கு, 'நாட்டுக் கப்பலுக்கு நீயே மாலுமி. கரையில் நின்றே ஓட்டு, அது போதும்' என்று கட்டினாள். அவர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். கோட்டுக்காரருக்கு, 'உன் கோட்டுக்குள் எங்கள் ஒன்பது தீவுக்கும் நிழல் உண்டு. காற்றுக்கு மட்டும்தான் இடமில்லை.' அவர் எழுந்து நின்று கோட்டைக் கழற்றி அவள் தோளிலேயே போட்டார்.

அக்டோபர் ஒன்றாம் தேதி, சுதந்திர நாளன்று, இந்தப் பாட்டுகளையெல்லாம் முதல் பிரதமரிலிருந்து வரிசையாகப் பாடுவார்கள். நனுமாங்காப் பிள்ளைகள் நாட்டின் சரித்திரத்தைப் பள்ளிக்கூடத்துக்குப் போகுமுன்பே ஆடிப் படித்துவிடுவார்கள்.

இந்தச் சங்கிலியில்தான் ஒரு கண்ணி விட்டுப்போயிற்று. அது வேறு யாருமில்லை, பெனித்துசி. பசெமெத்தாவின் சொந்த அண்ணன்.

அவர் பிரதமரான அன்று ஊர்க்கூடத்தில் பன்றி அடித்தார்கள். எல்லார் கண்ணும் பசெமெத்தா மேல். அவளோ தொண்டை கட்டிவிட்டது என்று கையால் காட்டிவிட்டுச் சமையல் கொட்டகைக்குள் போனவள் போனவள்தான். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. வயதுக்கு வந்த அண்ணனும் தங்கையும் ஒரே பாயில் உட்காருவதில்லை. ஒருவர் இருக்கும் இடத்தில் மற்றவர் வாய்விட்டுக் கேலி பேசுவதில்லை. யாராவது பேசினால்கூட அங்கிருந்து எழுந்து போய்விட வேண்டும். அது மரியாதை. அண்ணன் வருகிறார் என்றால் பேக்கரியில் அவள் சிரிப்பு பாதியில் நின்றுவிடும். அவளுக்குப் பிரசவம் கஷ்டமானபோது மழையில் போய் மருத்துவரைத் தூக்கத்திலிருந்து எழுப்பிக் கூட்டி வந்தவர் அவர்தான். வாசலோடு நின்றார், உள்ளே வரவில்லை. பாசத்துக்குக் குறைவில்லை, பேச்சுதான் கிடையாது. அப்படிப்பட்டவரை நாடறியக் கேலி செய்வது எப்படி?

பெட்டி அறைகிறவர்களின் தலைவன் போலிகி, தானே ஒரு பாட்டுக் கட்டிப் பார்த்தான். முழுக்க முழுக்கப் புகழ்ச்சி. ஜெபக்கூட்டம் போல் இருக்கிறது என்று ஊரார் சொன்னார்கள். இரண்டாம் முறை யாரும் அதைப் பாடவில்லை.

ஒன்றரை வருஷம் ஓடிவிட்டது. பிறகு ஒரு மந்திரி ராஜினாமா செய்து எதிர்ப்பக்கம் போனார். நம்பிக்கையில்லாத் தீர்மானம் திங்கட்கிழமை வருகிறது என்று வானொலி சொன்னது. மறுநாள் புதன்கிழமை காலை, பெனித்துசியின் மனைவி லீத்தியா மோட்டார் சைக்கிளில் பேக்கரி வாசலில் வந்து நின்றாள்.

"நாத்தனாரே, தொண்டை எப்படி இருக்கு?"

"பரவாயில்ல அண்ணி."

"ஒன்றரை வருஷமா கட்டிக் கிடக்கு. உள்ள மீன் முள்ளு மாட்டியிருக்கா? வாயத் தொற, கைய விட்டு எடுக்கறேன்."

பசெமெத்தா மாவைப் புரட்டிப் போட்டாள்.

"திங்கக்கிழமை அவர இறக்கப் போறாங்க" என்றாள் லீத்தியா.

"ரேடியோல கேட்டேன்."

"இறங்கறது பெரிய விஷயம் இல்லடி. எல்லாரும் இறங்கினவங்கதான். போன சுதந்திர நாளன்னைக்கு நீ எங்க இருந்தே?"

"அடுப்புக்கிட்ட."

"நான் அவர் பக்கத்துல இருந்தேன். முன்னால இருந்தவர் பாட்டு முடிஞ்சுது. பெட்டி நின்னுச்சு. அடுத்து இவரோடது வரணும். ஒருத்தரும் வாயத் தொறக்கல. பின்னால எவளோ, 'அவ்வளவுதானா, சாப்பாடு போட்டாச்சா?'ன்னு கேட்டா. அவர் பாயையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தார். வீட்டுக்கு வந்தும் பேசல. அவர் எப்பவும் பேச மாட்டார், அது வேற விஷயம். அன்னைக்குப் பேசாம இருந்தது வேற மாதிரி இருந்துச்சு."

பசெமெத்தாவின் கை நின்றுவிட்டது. பதவியில் இருக்கும்போது பாடினால்தான் அது பிரதமர் பாட்டு. இறங்கிய பிறகு பாடினால் ஒப்பாரி. திங்கட்கிழமைக்குப் பிறகு வரிசையில் அந்த இடம் என்றைக்கும் காலிதான். பெனித்துசி என்று ஒரு பிரதமர் இருந்ததே பிள்ளைகளுக்குத் தெரியாது. அதற்குக் காரணம் அவர் தங்கை.

"கேலி இல்லாம எனக்குப் பாட்டு வராது அண்ணி. அவர் முன்னால எப்படிக் கேலி பண்றது? உப்புப் போடாம ரொட்டி சுட்டுக் குடுக்கவா?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது" என்று லீத்தியா வண்டியை உதைத்தாள். "அவரக் கேலி பண்ண மரியாதை தடுக்குது. என்னைப் பண்றப்ப மட்டும் எந்த மரியாதை தடுத்துச்சு? கல்யாணம் ஆகி வந்த நாள்லேருந்து அதத்தானே பண்ணிட்டிருக்கே!"

கோபத்தில் சொன்ன வார்த்தை. புகை அடங்குமுன் பசெமெத்தா மாவை ஓங்கி ஒரு குத்துக் குத்தினாள். பிறகு இன்னொன்று. அன்றைக்கு ரொட்டி கொஞ்சம் கெட்டியாக இருந்தது என்று ஊரில் பலர் குறைப்பட்டார்கள்.

சாயங்காலம் போலிகியை அழைத்து வரிகளைச் சொன்னாள்:

'லீத்தியா, லீத்தியா, வீட்டிலே பாய் எங்கே?
ஓடுபாதையில் காற்று வாங்கப் போயிற்றோ?
சங்கு ஊதியாச்சு, விமானம் வந்தாச்சு,
வீட்டுக்காரரைச் சுருட்டு லீத்தியா, பாயை எழுப்பு!'

போலிகி சிரித்தான். பிறகு பயந்தான். புழுக்கமான இரவுகளில் விமான நிலையத்து ஓடுபாதையில் பாய் விரித்துப் படுக்காதவர் ஃபுனாஃபுட்டியில் யார்? ஆனால் பிரதமரான பிறகும் பாயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அங்கே போனவர் பெனித்துசி ஒருவர்தான். காலை விமானத்துக்குச் சங்கு ஊதியும் எழாமல், தீயணைப்பு வண்டிக்காரர் வந்து 'ஐயா, ஐயா' என்று எழுப்பியது நாடு முழுக்கத் தெரியும்.

"அக்கா, இது உங்க அண்ணனைத்தானே இடிக்குது?"

"எங்க இடிக்குது? பாய் அண்ணியோடது. சுருட்டறது அண்ணி. தப்பாச் சுருட்டறதும் அண்ணி. இதுல எங்கண்ணன் எங்க வர்றார்?"

"பாய்க்குள்ள."

"வாய மூடிட்டுப் பெட்டியத் தட்டு."

"எழுந்து போயிட்டார்னா? திங்கக்கிழமை ஓட்டு. 'சொந்தத் தங்கச்சியே வெளிய தொரத்திட்டா'ன்னு பாராளுமன்றத்துலயே பேசுவாங்க."

அவளுக்கும் அதே பயம்தான். மூன்றாம் வரியோடு நிறுத்திவிடலாமா என்று இரண்டு தடவை யோசித்தாள். நாலாம் வரியை எடுத்துவிட்டுப் பாடிப் பார்த்தாள். போலிகியின் பழைய பாட்டு மாதிரியே சப்பென்று இருந்தது. திரும்பச் சேர்த்தாள். வியாழனும் வெள்ளியும் ஒத்திகை. லீத்தியாவிடம் ஒருவரும் மூச்சுவிடவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் ஊர்க்கூடம் நிறைந்தது. பாராளுமன்றம் கூடுமுன் தங்கள் ஆளுக்கு விருந்து வைக்கவேண்டும் என்று பெரியவர்கள் முடிவு செய்திருந்தார்கள். சூரை மீன், அவித்த புலாக்காக் கிழங்கு, தேங்காய்ப் பாலில் வெந்த களி என்று தென்னை ஓலைத் தட்டுகள் ஓடின. பெனித்துசி தலையில் பூமாலையோடு விருந்தினர் வரிசையின் நடுவில், கல் பிள்ளையார் போல் அசையாமல் உட்கார்ந்திருந்தார். பசெமெத்தா ஒரு தூணுக்குப் பின்னால், அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து முதல் வரியை எடுத்தாள்.

லீத்தியாவின் பெயர் கேட்டதும் கூட்டம் கலகலத்தது. பிரதமர் பாட்டில் பிரதமர் பெயரைக் காணோமே என்று சிலர் கழுத்தை நீட்டினார்கள். ஓடுபாதை வந்ததும் சிரிப்பு பொங்கியது. நாலாம் வரியில் சட்டென்று அடங்கியது. எல்லாரும் பெனித்துசியைப் பார்க்கிறார்கள் என்று பசெமெத்தாவுக்கு முதுகாலேயே தெரிந்தது.

பெட்டி நிற்கவில்லை. இரண்டாம் சுற்று, மூன்றாம் சுற்று. பக்கத்திலிருந்த பெண் காதில் கிசுகிசுத்தாள்: "எழுந்துட்டாரு."

பசெமெத்தாவுக்குக் குரல் உள்ளே போய்விட்டது. உதடு மட்டும் அசைந்தது. பாட்டை மற்றவர்கள் இழுத்துக்கொண்டு போனார்கள்.

அப்புறம் வந்தது ஒரு கூச்சல். திரும்பிப் பார்க்கக் கூடாது. ஆனாலும் தூணின் ஓரமாகக் கொஞ்சம் பார்த்துவிட்டாள். லீத்தியா குனிந்து, "எழுந்திருங்க, இன்னும் கொஞ்சம், அந்தக் காலையும் எடுங்க" என்று கணவரை எழுப்பி நிற்கவைத்துவிட்டு, அவர் உட்கார்ந்திருந்த பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். சுருட்டிய பாயைத் தோளில் போட்டுக்கொண்டு ஆட்டக்காரிகள் நடுவே புகுந்து ஒரு ஆட்டம் போட்டாள் பாருங்கள், அறுபது வயதுப் பெண்பிள்ளை! நாட்டின் பிரதமர் வெறும் தரையில், வெறுங்காலோடு, என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். பிறகு அந்த வெறும் தரையிலேயே உட்கார்ந்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து அந்தக் கூடம் பார்த்ததில்லை. பசெமெத்தாவும் பார்த்ததில்லை. சின்ன வயதில் எப்போதாவது பார்த்திருக்கலாம், நினைவில்லை.

பாட்டு உச்சத்துக்கு ஏறி வெட்டினாற்போல் நின்றது. கூடம் மூச்சு வாங்கியது. பாட்டு யாருக்கோ அவர் 'இன்னொரு தடவை' என்று கேட்டால்தான் அது அவருடையதாகும். தங்கையிடம் அவர் கேட்க முடியாது. எல்லாரும் காத்திருந்தார்கள்.

"போலிகி" என்றார் பெனித்துசி.

"ஐயா."

"கை வலிக்குதா?"

"இல்லீங்க."

"அப்ப ஏன் நிறுத்தினே?"

ஐந்து தடவை பாடினார்கள். பெட்டியின் ஒரு பலகை விட்டுப்போனது.

திங்கட்கிழமை தீர்மானம் ஒரே ஓட்டில் நிறைவேறியது. பசெமெத்தா பேக்கரி வானொலியில் கேட்டாள். அடுப்பிலிருந்து தட்டுகளை வெளியே இழுத்தாள்.

புதன்கிழமை லீத்தியா அரசாங்க வீட்டைக் காலி செய்தாள். சாமான் தூக்கப் பசெமெத்தா போனாள். வாசலுக்கு வெளியே நின்று, "இருக்காரா?" என்று கையால் கேட்டாள்.

"உள்ள வா. விடியறதுக்கு முன்னாலயே கடலுக்குப் போய்ட்டு வந்து இப்பப் பின்னால வலை காயப் போடறார். பிரதமரா இருந்தப்ப சனிக்கிழமை மட்டும்தான் விட்டேன். இனி எப்படிப் பிடிச்சு வைக்கறதுன்னு தெரியல." ஓலையில் சுற்றிய பெரிய சூரை ஒன்றை எடுத்துக் கையில் வைத்தாள். "பாடினவங்களுக்காம்."

"நிறையப் பேர் பாடினோம்."

"அத அவர்கிட்டப் போய்ச் சொல்றியா?" என்று லீத்தியா கண்ணை உருட்டினாள். வீட்டுக்குப் பின்னால் யாரோ மெல்லிய குரலில் எதையோ முணுமுணுப்பது கேட்டது. மூன்றாம் வரி. தாளம் தப்பியிருந்தது. பசெமெத்தா திருத்தவில்லை.

அந்த நேரம் போலிகியின் மோட்டார் சைக்கிள் வேலியோரம் வந்து நின்றது. இறங்காமலே கத்தினான்:

"அக்கா! புதுப் பிரதமர் முடிவாயிடுச்சு. வைட்டுப்புத் தீவுக்காரர், அந்தப் பழைய கணக்கு வாத்தியார். அடுத்த சனிக்கிழமை விருந்து. பாட்டு எப்பத் தருவீங்க?"

பசெமெத்தா மீனை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள்.

"அவர விடு. அவர் பொண்டாட்டி எப்படி, சிரிக்கிற ஆளா?"