கொடுக்காத மூன்று அழைப்புகள்

ஒரு நல்ல மனிதரின் பதவியை நான் திருட்டுத்தனமாகப் பறித்தேன். அவருக்கு வந்த கூட்ட அழைப்புகளை மூன்று முறை கொடுக்காமல் மறைத்தேன். யாரும் என்னை மிரட்டவில்லை... வழி சொல்லிக் கொடுத்தவனே நான்தான்.

எண்பதுகளின் நடுப்பகுதி. மூக்கண்டப்பள்ளிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில், செயலாளர் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தேன். எங்கள் இயக்குநர்களில் ஒருவர் ரஹ்மான் பாய். கிருஷ்ணகிரியில் புளி மண்டி வைத்திருந்தவர். தொழிற்சாலைக்கு நிலம் கேட்டபோது விவசாயிகள் முதலாளியை நம்பவில்லை. பாய் ஊர் ஊராக வந்து தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் பேசிய பிறகே கொடுத்தார்கள். அதற்காகத்தான் முதலாளி அவரை இயக்குநராக்கினார்.

பாய்க்கு ஆங்கிலம் வாசிக்க வராது. அதனால் அழைப்பை நானே மண்டிக்குக் கொண்டுபோய்ப் படித்துக் காட்டுவேன். டீ வரவழைத்துவிட்டு, "மெதுவாப் படிங்க தம்பி, அங்க வந்து தப்பாப் பேசிடக் கூடாது" என்பார்.

பிறகு பொதுமக்களுக்குப் பங்கு விற்பதென்று முடிவானது. பெங்களூர்ப் பேராசிரியர் ஒருவரும் ஓய்வுபெற்ற பெரிய அதிகாரி ஒருவரும் இயக்குநர் குழுவில் சேர்ந்தார்கள். பங்கு விளம்பரத்தில் அவர்களுடைய பட்டங்களுக்குக் கீழே 'புளி வியாபாரம், ஐந்தாம் வகுப்பு' என்று அச்சானால் யார் மதிப்பார்கள் என்று முதலாளி கவலைப்பட்டார். பாயைப் போகச் சொல்லவும் அவருக்கு வாய் வரவில்லை.

"சொல்லாமக் கொள்ளாம தொடர்ந்து மூணு கூட்டம் வராட்டி, சட்டப்படி பதவி தானாப் போயிடும் சார்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். "நீயே பாத்துக்கோ" என்றார்.

ஏன் சொன்னேன்? பதவி உயர்வுக்கு ஆசை... அதுவும்தான். ஆனால் அந்தப் புளி மண்டியை நினைத்து நானும் கூசினேனே! என் அப்பா சந்தையில் ராகி விற்றவர்.

இடையில் ஒருநாள் பேருந்து நிலையத்தில் பாய் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன தம்பி, ரொம்ப நாளா மீட்டிங்கே இல்லையா?"

"இல்லைங்க பாய். புது மிஷின் வருது, எல்லாரும் அதுலயே இருக்காங்க."

எவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பொய்... இருமல்கூட வரவில்லை.

மூன்றாவது கூட்டமும் முடிந்து பாயின் பதவி போனது. பங்கு விளம்பரம் நாளிதழில் வந்த வாரம் பாய் அலுவலகத்துக்கே வந்தார். தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தார். மகள் படித்துச் சொன்னாளாம். சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

"அச்சுல என் பேரை விட்டுட்டாங்க தம்பி" என்றார். "நெலம் குடுத்தவங்க வந்து, பாயைத் தூக்கிட்டாங்களான்னு கேட்டாங்க. கம்பெனி மேல தப்பு இல்ல, அப்படிச் செய்ய மாட்டாங்கன்னு சொல்லி அனுப்பினேன். கொஞ்சம் சொல்லித் திருத்தி வைங்க."

நாங்கள் துரத்திய மனிதர்தான் ஊருக்குள் எங்கள் பெயரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். அப்போதாவது நான் சொல்லியிருக்க வேண்டும்.

"சொல்றேன் பாய்" என்றேன்.

சாகும்வரை அவர் அதை அச்சுப்பிழை என்றே சொல்லிவந்தார். நான் உதவிச் செயலாளர் ஆனேன். மண்டித் தெருப் பக்கம் போவதையே விட்டேன்.

நீங்கள் சொல்லுங்கள்... கையில் எடுத்ததுமே இது பழைய புளி, இது புதுப் புளி என்று சொல்லிவிடுகிறவர் அவர். அன்றைக்கு என் முகம் மட்டும் அவருக்குப் புரியாமலா போயிருக்கும்? புரிந்துதான் என்னிடம் கேட்டாரா? திருத்த எனக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தாரா?

அதைக் கேட்கக்கூட நான் அவரிடம் போகவில்லை.