மாலேயில் எங்களைத் துரத்திய வெள்ளைச் சட்டை

மாலே என்றாலே கடற்கரை என்றுதான் நான் நம்பிக்கொண்டிருந்தேன். மாலத்தீவின் தலைநகரம், விமானத்தை விட்டு இறங்கினால் செருப்புக்குள் மணல் ஏறும், நாங்கள் அறை போட்டிருந்த ரிசோர்ட், பெரியார் பஸ் ஸ்டாண்டிலிருந்து திருப்பரங்குன்றம் போகிற தூரத்தில் இருக்கும், ஆட்டோக்காரரிடம் பேரம் பேசினால் போதும். இந்த ஞானத்தை மனதோடு வைத்திருந்தால் மானம் தப்பியிருக்கும். கே.கே. நகரில் இருக்கும் என் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் ஒரு மாதமாக வழி சொல்லிக்கொண்டிருந்தேன்.

பயணம் என் மனைவி லதாவுக்காக. தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். கல்யாணமான இந்த இருபத்திரண்டு வருடத்தில் "இந்த லீவுக்குக் கண்டிப்பா" என்று நான் சொல்லி, நாங்கள் போகாமல் விட்ட ஊர்களை வைத்துத் தனியாக ஒரு உலகப்படமே வரையலாம். காலாண்டு விடுமுறையில் இரண்டே இரண்டு இரவுக்கு அவளே இணையத்தில் தேடி, தன் பேரில் அறை போட்டாள். என்னிடம் கேட்டது ஒன்றுதான்.

"போன அன்னைக்கே சாயங்காலம் கடல்ல நின்னு சூரியன் இறங்குறதப் பாக்கணும். போய்ச் சேர்ற வழிய மட்டும் நீங்க பாத்துக்கங்க."

ரிசோர்ட்டிலிருந்து வந்த மின்னஞ்சலை எனக்கு அனுப்பினாள். நான் அதன் முதல் வரியைப் படித்தேன்.

வெள்ளிக்கிழமை, காலை 10.15. மதுரையிலிருந்து கொழும்புக்கு ஒரு மணி நேரம். அங்கே காத்திருந்து, விமானம் மாறி, மேலும் ஒன்றரை மணி நேரம். இறங்கப்போகிற சமயம் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். விதவிதமான நீலத்தில் லென்சுகளை மேஜைமேல் கொட்டிவிட்டதுபோல் தீவுகள். லதா என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் பேசிக்கொண்டே இருந்தேன். கீழே எங்கு பார்த்தாலும் தண்ணீர், எனக்கோ நீச்சல் தெரியாது. தண்ணீரில் என் மொத்த அனுபவம், வண்டியூர் தெப்பக்குளத்தில் மைய மண்டபம் வரை படகில் போய்வந்ததுதான்.

பிற்பகல் 2.40. மாலத்தீவு நேரம் நம்மைவிட அரை மணி பின்னால், கடிகாரத்தைத் திருப்பிவைத்தோம். விசாவுக்குக் கட்டணம் இல்லை, சிரித்துக்கொண்டே முத்திரை குத்தினார்கள். வெளியே வந்தால் வாசலுக்கு எதிரே தெருவைக் காணோம், கடல். படகுகள் ஆட்டோ ஸ்டாண்டு மாதிரி வரிசையாக நின்றன. விமான நிலையமே ஒரு தனித் தீவு என்பது அப்போதுதான் தெரிந்தது.

வாசலில் பெயர்ப்பலகை பிடித்த ஆட்கள் நின்றிருந்தார்கள். இந்த இடத்தில் மதுரைக்காரனின் பாடத்தைச் சொல்ல வேண்டும். ரயில் நிலையத்திலிருந்து மீனாட்சி கோயில் வரை நடந்தால், "ரூம் வேணுமா சார்", "மாடியில இருந்து கோபுரம் பாருங்க சார்" என்று பத்துப் பேராவது கூடவே வருவார்கள். மூஞ்சியைப் பார்க்கக் கூடாது, பதில் சொல்லக் கூடாது, நடையைக் குறைக்கக் கூடாது. ஐம்பது வயது வரை என்னைக் காப்பாற்றிய பாடம் அது.

வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் எங்களை நோக்கி வந்தார்.

"அண்ணை, எந்த ரிசோர்ட்?"

தமிழ்! எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வெளிநாட்டில் தமிழில் கூப்பிடுகிறவன்தான் பெரிய புரோக்கர் என்பது என் முடிவு.

"ரூமெல்லாம் போட்டாச்சு," என்று நடந்தபடியே சொன்னேன்.

"ஏங்க, அந்தத் தம்பி கையில ஏதோ பேரு எழுதி வச்சிருக்காப்ல."

"திரும்பாத லதா. பாத்தா ஒட்டிக்கிருவான்."

பெட்டியை இழுத்துக்கொண்டு, மாலேக்குப் போகிற பொதுப் படகில் ஏறினோம். இருவருக்கும் சேர்த்து ஐந்து டாலர் நோட்டை நீட்டினேன். மீதி அந்த ஊர்க் காசில் வந்தது. பத்தே நிமிடப் பயணம். வெள்ளைச் சட்டை கரையில் நின்று கையை ஆட்டிக்கொண்டிருந்தார். ஜெயித்தவனாக நானும் கையை ஆட்டினேன்.

மாலை 3.50. மாலேயில் மணல் இல்லை. அடுக்குமாடி, அதன்மேல் அடுக்குமாடி; இடையில் கீழமாசி வீதியையே அகலமாகக் காட்டும் சந்துகள்; சந்து முழுக்க ஸ்கூட்டர்கள். மீன் சந்தையில் என் தொடை பருமனுக்குச் சூரை மீன்கள் கிடந்தன.

"எங்கங்க பீச்சு?" என்றாள் லதா.

"இந்தா, இந்தச் சந்து முடிஞ்சதும்."

நான்கு சந்துகள் முடிந்தன. எதேச்சையாகத் திரும்பிப் பார்த்தேன். படகுத்துறைப் பக்கமிருந்து அதே வெள்ளைச் சட்டை, பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடிவந்துகொண்டிருந்தது. கடல் தாண்டி வந்து துரத்துகிற புரோக்கரை மதுரையில்கூட நான் பார்த்ததில்லை. பாஸ்போர்ட், கிட்னி, லதாவின் தாலிச் சங்கிலி என்று என் மனம் வரிசையாக ஒவ்வொன்றையும் பறிகொடுத்தது. லதாவின் கையைப் பிடித்து ஒரு டீக்கடைக்குள் இழுத்தேன்.

"எம்புட்டு நேரம் ஓடுறது? எனக்கு மூச்சு வாங்குது."

"மெதுவாப் பேசு. கிட்னிக்காரனா இருப்பான்."

"உங்க கிட்னிய எவன் வாங்குவான்? சும்மா உக்காருங்க."

பால் சேர்க்காத கட்டஞ்சாயாவும், தேங்காயும் மீனும் பிசைந்து உள்ளே வைத்த பொரித்த உருண்டைகளும் வந்தன. மாசிக் கருவாட்டு வாசம் தூக்கியது. நாலாவது உருண்டையில் எனக்குத் தைரியம் திரும்பி, கடைக்காரரிடம் ரிசோர்ட்டின் மின்னஞ்சலை அச்செடுத்து வைத்திருந்த சீட்டைக் காட்டி வழி கேட்டேன். அவர் படித்தார்; எங்கள் பெட்டியைப் பார்த்தார்; கொஞ்சம் இந்தி, கொஞ்சம் ஆங்கிலம் கலந்து பொறுமையாக விளக்கினார். ரிசோர்ட் இருப்பது வேறு தீவில். இருபத்தெட்டுக் கிலோமீட்டர். அதன் படகு விமான நிலையத்துக்கு எதிரிலிருந்தே கிளம்பும். கடைசிப் படகு ஐந்து மணிக்கு என்று சீட்டிலேயே எழுதியிருக்கிறது. அப்போது மணி 4.40.

லதா கோபப்பட்டிருந்தால் சமாளித்திருப்பேன். அவள் கைப்பையைத் திறந்து, கர்சீப்பை எடுத்து, மடித்து, மறுபடி உள்ளே வைத்தாள்.

"இருக்கட்டும். ஒரு ராத்திரி இங்கனயே ரூம் பாப்போம்," என்றாள். இருபத்திரண்டு வருடமாக எனக்குப் பழக்கமான குரல்தான் அது. அன்றுதான் சுட்டது.

வாசலில் நிழல் தட்டியது. வெள்ளைச் சட்டை. வியர்வையில் தொப்பலாக நனைந்து, மூச்சிரைக்க நின்றார். பலகையை எங்கள் மேஜைமேல் வைத்தார். ரிசோர்ட்டின் பெயர், அதன் கீழே பெரிய எழுத்தில், லதாவின் பெயர்.

"ஏன் அண்ணை இப்பிடி ஓடுறியள்? உங்களைக் கூட்டிக்கொண்டு போகத்தானே நான் அங்க நிண்டனான். அந்த விமானத்தில வந்த தமிழ் ஆக்கள் நீங்கள் ரெண்டு பேரும்தான். ஆறு தரம் ஃபோன் எடுத்தனான்."

என் ஃபோனில் வெளிநாட்டு ரோமிங் இல்லை. 'ரெண்டு நாளைக்கு யாரு நம்மளத் தேடப் போறா' என்று நான்தான் வேண்டாம் என்றிருந்தேன்.

"தம்பி, நான் உங்கள... வேற மாதிரி..."

"புரோக்கர்னு நெனச்சாரு," என்று முடித்துவைத்தாள் லதா. கிட்னி விவகாரத்தைச் சொல்லாமல் விட்டாள். அதற்கு இன்றும் அவளுக்கு நன்றி.

அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பெயர் நிமலன், சொந்த ஊர் யாழ்ப்பாணத்துப் பக்கம், ரிசோர்ட்டில் விருந்தினரை அழைத்துவரும் வேலை. "ரிசோர்ட் போட்டை மறிச்சு வைக்கச் சொல்லிப்போட்டு வந்தனான். கெதியா எழும்புங்கோ அக்கா."

எங்கள் பெட்டியை அவர் தலையில் தூக்கிக்கொண்டு முன்னால் ஓட, அவரைப் பிடிக்க இப்போது நாங்கள் ஓடினோம். டீக்கடைக்காரரும் சந்து முனையில் ஸ்கூட்டர்களை நிறுத்தி வழி செய்து கொடுத்தார். துறையில் ஒரு படகு அப்போதுதான் போயிருந்தது. அடுத்ததைப் பிடித்து, ஐந்தேகாலுக்கு விமான நிலையத் தீவில் இறங்கினோம்.

ரிசோர்ட் படகில் வேறு நான்கு பயணிகள் உட்கார்ந்திருந்தார்கள். வியர்த்து விறுவிறுத்து ஏறிய எங்களைப் பார்த்து ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. வெள்ளைக்கார மூதாட்டி ஒருவர் நகர்ந்து, கடல் தெரிகிற ஓரத்து இடத்தை லதாவுக்குக் கொடுத்தார். நிமலன் கரையிலேயே நின்றுவிட்டார். விடிகாலை விமானத்தில் ஆள் வருகிறார்களாம். எத்தனை நன்றி சொன்னேன் என்று எனக்கே தெரியாது. மோட்டார் சத்தத்தில் பாதிதான் அவருக்குக் கேட்டிருக்கும்.

ஐந்து மணிப் படகு அன்று ஐந்து இருபதுக்குக் கிளம்பியது. அரை மணி நேரத்தில் தீவு வந்தது. லதா அறைக்குப் போகவில்லை. சேலையைக் கணுக்கால் வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு நேராகக் கடலில் இறங்கி நின்றாள். சூரியன் அதற்குப் பிறகுதான் மறைந்தது.