ஆயர் ஈத்தாமில் மழை, ஆனால் லாரி ஓடவில்லை

போன மாதம் ஒரு சனிக்கிழமை, சிங்கப்பூர் எல்லையை ஒட்டி நாங்கள் இருக்கும் பெர்மாஸ் ஜெயாவிலிருந்து ஆயர் ஈத்தாம் போனேன். பெரும்பாலானவர்கள் அங்கே மண்பாண்டம் வாங்க இறங்குவார்கள். நான் போனது தங்கை வாணியைப் பார்க்க. அவள் ஏழு மாதக் கர்ப்பிணி. அவள் கணவர் சேகர், எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறார். "அவருக்கு ஓட்டமே இல்லண்ணே" என்று போனில் சொல்லியிருந்தாள்.

நெடுஞ்சாலையில் ஏறக்குறைய தொண்ணூறு கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம். கூலாய் தாண்டியதும் நல்ல மழை. சாலையின் இருபுறமும் செம்பனை பச்சைப் பசேலென்று நின்றது. செம்பனையை வாட்டிய வறட்சி தீர்ந்தது என்று மனம் லேசானது.

வீட்டுக்குள் நுழைந்ததும் அதையே சொன்னேன். "மழதான் வந்துருச்சே மாப்ள, இனிமே ஓட்டம் வந்துரும்ல?"

சேகர் தலை துவட்டத் துண்டு கொடுத்தார். "மரம் காஞ்சது போன வருஷம் மச்சான். அப்ப பூ சரியா வைக்கல. அதான் இப்ப குலை இல்ல."

குலை குறைந்ததால் ஆலை வாரத்தில் சில நாள்தான் ஓடுகிறது. லாரிகள் நிற்பதால் டயர் கடையில் ஆள் குறைத்துவிட்டார்கள். பக்கத்துச் சாப்பாட்டுக் கடை மதியத்தோடு மூடிவிடுகிறது. நாட்டின் செம்பனை எண்ணெய் ஏற்றுமதி சரிவு என்று செய்தியில் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தச் சரிவு இந்தத் தெருவில்தான் கண்ணுக்குத் தெரிகிறது.

சாப்பிடும்போது சேகர் மெதுவாகச் சொன்னார். "சிங்கப்பூர்ல லாரி ஓட்டக் கூப்புடுறாங்க. இவள இந்த நேரத்துல தனியா விட்டுட்டு எப்படிப் போறது?"

"ரெண்டு பேரும் எங்க வீட்டுக்கு வந்துருங்க லா. வாணிக்கு அவ அண்ணி தொணையா இருப்பா."

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். "குலை வந்ததும் திரும்பிருவோம் மச்சான்."

"திரும்பலாங்க. மொதல்ல சாப்புடுங்க" என்று வாணி அவருக்கு ரசம் ஊற்றினாள்.

மறுவாரமே வந்துவிட்டார்கள். விடியுமுன் பாலம் கடந்து சிங்கப்பூருக்கு லாரி ஓட்டப் போகிறவர், மாலையில் வந்ததும் அவளுடைய வீங்கிய கால்களை மடியில் வைத்துப் பிடித்துவிடுகிறார்.

போக நினைப்பவர்களுக்கு: டோல் அட்டையில் பணம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மழையில் கூலாய்ப் பக்கம் நிதானமாக ஓட்டுங்கள். கார் இல்லையென்றால் லார்க்கின் பேருந்து நிலையத்திலிருந்து பேருந்து உண்டு. அந்தப் பக்கம் சொந்தக்காரர்கள் இருந்தால், மழை பெய்கிறதா என்று கேட்டதோடு விட்டுவிடாதீர்கள். வேலை இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

ஆலையிலிருந்து சேகருக்கு இன்னும் அழைப்பு வரவில்லை. நேற்று எங்கள் கூடத்தில் தொட்டிலுக்குக் கொக்கி மாட்டினார். தாங்குமா என்று இரண்டு கையாலும் தொங்கிப் பார்த்தார்.