வெளிர் சாம்பலில் ஒன்றரை மில்லி

என் வலைப்பூவைப் பார்த்துவிட்டு, "பஞ்சாயத்து ஆபீஸ் நோட்டீஸ் மாதிரி இருக்குடி" என்று கல்லூரித் தோழி ஒருத்தி எங்கள் வாட்ஸ்அப் குழுவில் எழுதினாள். விளையாட்டாகத்தான் எழுதினாள். நானும் பதிலுக்கு ஒரு சிரிப்புப் பொம்மை போட்டேன். ஆனால் அன்றைக்கு முழுக்க அது உள்ளே உறுத்திக்கொண்டே இருந்தது.

நான் கால்நடை மருத்துவர். ஒரத்தநாட்டுக்கும் மன்னார்குடிக்கும் நடுவே ஒரு கிராமத்தில், ஊர்க்காரர்கள் மாட்டாஸ்பத்திரி என்று சொல்கிற மருந்தகத்தில் வேலை பார்க்கிறேன். ஏழு வருடங்களாக வலைப்பூ எழுதுகிறேன். கன்று போட முடியாமல் தவித்த எருமை, மழையில் நனைந்து பூசணம் பிடித்த வைக்கோல், பஸ்ஸில் ஆட்டுக்குட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தவர், என் மகளுக்குப் பல் விழுந்த நாள் என்று எல்லாம் அதில் கலந்து கிடக்கும். நடுநடுவே மருந்துக் குறிப்புகளும் இருக்கும். ஒரே கேள்வியைப் பத்துப் பேர் போனில் கேட்பார்கள் என்பதால் பதிலை எழுதி வைத்து, சுட்டியை அனுப்பிவிடுவேன்.

புரட்டாசியில் சேர்ந்தாற்போல இரண்டு நாள் விடுமுறை வந்தது. இரண்டு நாளும் லேப்டாப்பின் முன்னால் உட்கார்ந்து வலைப்பூவின் தோற்றத்தை மாற்றினேன். அதுவரை இருந்த தடித்த எழுத்தை எடுத்துவிட்டு, ஒல்லியான புது எழுத்துரு ஒன்றைத் தேடிப் பிடித்தேன். அதில் 'ழ'வின் வால் இறங்கிய அழகுக்காகவே அதை எடுத்தேன் என்று சொல்லலாம். கறுப்பு முரட்டுத்தனமாகத் தெரிந்ததால் வெளிர் சாம்பலுக்கு மாற்றினேன். பின்னணி வெள்ளையிலிருந்து தந்த நிறத்துக்குப் போனது. எழுத்துகளுக்கு நடுவே இடைவெளியைக் கூட்டியபோது 'கொ'வின் கொம்பும் காலும் ஆளுக்கொரு பக்கம் விலகி நின்றன. அதைப் பழையபடியே விட்டேன். வரிகளை நெருக்கியபோது மேல் வரி 'ழு'வின் கால் கீழ் வரி 'கீ'யின் சுழியில் போய் இடித்தது, அதையும் சரிசெய்தேன். எச்சரிக்கைக் குறிப்புகள் பக்கத்தின் நடுவே கட்டம் கட்டி நின்றது பார்க்க நன்றாக இல்லை. அவற்றைச் சின்ன எழுத்தாக்கி ஒவ்வொரு பதிவின் அடிக்கும் கொண்டுபோனேன்.

என் கணவர் கணக்கு ஆசிரியர். எதையும் நிதானமாகப் பார்த்துத்தான் பேசுவார். லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினேன்.

"அழகாத்தான் இருக்கு. ஆனா கண்ண இடுக்கிப் பாக்க வேண்டியிருக்கே."

"உங்களுக்குக் கண்ணாடி மாத்தணும்" என்றேன்.

பத்து நாள் போயிருக்கும். ஒரு புதன்கிழமை காலையில், குத்தகைக்கு நிலம் எடுத்துச் சம்பா நட்டிருக்கிற ஒருவர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். ஏழெட்டு வெள்ளாடும் வளர்க்கிறவர். குடற்புழு மருந்து எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று கேட்டார். நான் ஒரு பசுவுக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தேன். அவருடைய போனிலேயே என் பதிவைத் திறந்து பார்க்கச் சொன்னேன். அவர் வாசல் வெயிலில் நின்று போனைக் கிட்டே பிடித்தும் எட்டப் பிடித்தும் பார்த்தார்.

"பத்து கிலோ எடைக்குப் பதினஞ்சு மில்லின்னு போட்ருக்கீங்க மேடம். இவ்வளவா குடுக்கணும்?"

"பதினஞ்சு இல்லைங்க, ஒன்றரை."

"பதினஞ்சுன்னுதாங்க இருக்கு. நீங்களே பாருங்க."

ஊசியை ட்ரேயில் வைத்துவிட்டு வெளியே போனேன். 15 மி.லி. என்றுதான் எனக்கும் தெரிந்தது. போனை நிழலுக்குக் கொண்டுவந்து விரலால் பெரிதாக்கினேன். ஒன்றுக்கும் ஐந்துக்கும் நடுவே, தூசி ஒட்டியது போல, ஒரு புள்ளி இருந்தது.

அவரிடம் சரியான அளவைச் சொல்லி, சீட்டில் எழுதியும் கொடுத்து அனுப்பினேன். உடனே அந்தப் பதிவை மறைத்தேன். அவசரத்தில் கடவுச்சொல்லை இரண்டு முறை தப்பாக அடித்தேன். வெளியே இன்னும் மூன்று மாடுகள் காத்திருந்தன.

அப்போது முதலில் எனக்கு வந்த நினைப்பு ஆடுகளைப் பற்றியது அல்ல. அதையும் எழுதிவிடுகிறேன். யாராவது புகார் கொடுத்தால் துறையில் என்ன கேட்பார்கள், வேலைக்கு என்ன ஆகும் என்பதுதான் முதலில் வந்தது. ஆடுகள் அதற்குப் பிறகுதான் வந்தன. வந்தவை போகவில்லை.

தோற்றத்தை மாற்றிய பிறகு அந்தப் பதிவை நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் திறந்திருந்தார்கள். நான் சுட்டி அனுப்பியிருந்த ஒவ்வொருவரையும் அன்று சாயங்காலம் போனில் கூப்பிட்டேன். சிலர் திறந்தே பார்க்கவில்லை. சிலர் மருந்துக்கடைக்காரர் சொன்ன அளவில் கொடுத்திருந்தார்கள். "அந்த பாட்டில்லயே போட்ருக்கே மேடம்" என்று ஒருவர் சொன்னபோது அவர் காலைத் தொட்டுக் கும்பிடலாம் போலிருந்தது.

மிச்சம் இருந்தது ஒரு பின்னூட்டம். 'அலையாத்தி' என்ற பெயரில் ஒருவர் போன வாரம் எழுதியிருந்தார்: "நன்றி டாக்டர். ஞாயித்துக்கிழமை எங்க ஆட்டுக்கு குடுக்குறேன்." அந்த ஞாயிற்றுக்கிழமை கடந்து மூன்று நாளாகியிருந்தது. போன் நம்பரோ ஊரோ இல்லை. பழைய பதிவுகளுக்கெல்லாம் போய் அவர் எழுதியவற்றைத் தேடினேன். இரண்டு வருடத்துக்கு முந்தைய ஒன்றில், வீட்டுக்குப் பின்னால் வாய்க்காலைத் தாண்டினால் முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுச் சதுப்பு வந்துவிடும் என்று எழுதியிருந்தார்.

என் வலைப்பூவைக் கிண்டல் செய்த தோழிக்கு அந்தப் பக்கத்து மாட்டாஸ்பத்திரியில்தான் வேலை. நடந்ததை அவளிடம் சொன்னேன்.

"படகுத்துறை போற ரோட்டுல ஒரு அக்கா இருக்காங்க. எதுன்னாலும் போன்ல படிச்சுட்டு வந்து எங்கிட்ட கேள்வி கேப்பாங்க. அவங்களாத்தான் இருக்கும். நான் போயிப் பாக்கட்டா?"

"வேணாம். நானே வர்றேன்."

மறுநாள் லீவு போட்டேன். கணவரும் பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். மன்னார்குடியைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் நடவு நடந்துகொண்டிருந்தது. நான் எதையும் பார்க்கவில்லை. என்ன சொல்வது என்று வாக்கியம் வாக்கியமாக மனதுக்குள் எழுதி எழுதி அழித்துக்கொண்டிருந்தேன்.

"ஆடு செத்திருந்தா என்னங்க சொல்றது?"

"உள்ளதச் சொல்லு" என்றார், திரும்பாமல்.

அந்த அக்காவுக்கு நாற்பது வயதிருக்கும். அவருடைய அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் கூலி வேலை செய்தவர்கள். அவர் இப்போது சொந்தமாக ஒரு மா நிலம், ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு, பார்க்கிறார், நான்கு ஆடு வளர்க்கிறார். நான் யார் என்று சொன்னதும் முகம் மலர்ந்து, "நீங்கதானா டாக்டரு, வாங்க வாங்க" என்றார். அந்த வரவேற்பை என்னால் தாங்க முடியவில்லை. கொட்டகையில் ஒரு ஆடு மட்டும் காதைத் தொங்கவிட்டுப் படுத்திருந்தது.

"அதுக்கு மட்டுந்தான் மருந்து குடுத்தேன். ஞாயித்துக்கெழமையிலேர்ந்து தழைய மோந்துகூடப் பாக்கல. கழிச்சலா வேற போவுது."

"எவ்வளவுக்கா குடுத்தீங்க?"

"இருவது கிலோ தேறும். முப்பது மில்லி. சிரிஞ்சு அஞ்சுதான் புடிக்கும், ஆறு தடவ ஊத்துனேன். நாலாவது தடவையே எனக்குச் சந்தேகந்தான். ஆனா டாக்டரு எழுதியிருக்காங்களேன்னு ஊத்துனேன்."

பாட்டில் அத்தோடு தீர்ந்துபோனதால் மற்ற மூன்றும் தப்பின.

அது மூன்று மில்லி கொடுக்க வேண்டிய ஆடு. நான் கொட்டகையிலேயே முட்டி போட்டு உட்கார்ந்தேன். காய்ச்சல் பார்த்தேன், கண்ணின் உட்பக்கத்தை விரித்துப் பார்த்தேன், குளுக்கோஸ் ஏற்றினேன். ஏறுகிற நேரத்தில்தான் எனக்கு அடுத்த பயம் வந்தது.

"சினையாக்கா?"

"கெடாவோட சேந்து இருவது நாள் ஆச்சு. புடிச்சிருக்கா என்னன்னு தெரியல. ஏன்?"

"ஆரம்பச் சினையில இந்த மருந்து குடுக்கக் கூடாதுன்னு எழுதியிருந்தேனே."

"எங்க எழுதியிருந்தீங்க?"

மறைத்திருந்த பதிவை என் போனில் திறந்து, அடி வரைக்கும் தள்ளிக் காட்டினேன். அவர் போனை வாங்கி, முகத்துக்குக் கிட்டே வைத்து, ரொம்ப நேரம் பார்த்தார். அந்தச் சின்ன எழுத்தை என்னாலேயே படிக்க முடியவில்லை.

"தப்பு என்னோடதுக்கா. அளவச் சரியாத்தான் எழுதுனேன். ஆனா அழகா இருக்கணும்னு எழுத்த மாத்துனேன். புள்ளி தெரியாமப் போச்சு."

அவர் ஆட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டே இருந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"எழுத்தக் கறுப்பா போடுங்க" என்றார் கடைசியில். "நான் வரப்புல நின்னுக்கிட்டுப் படிக்கிறவ. எங்கிட்ட லேப்டாப்பு இல்ல."

திரும்பி வந்த மறுநாளே பக்கத்தை மாற்றினேன். தடித்த எழுத்து, கறுப்பு, வெள்ளைப் பின்னணி. மருந்தளவுகளை எண்ணோடு எழுத்திலும் எழுதினேன். எச்சரிக்கைகளைப் பதிவின் தலையில், வேறு எதற்கும் முன்னால் வைத்தேன். மகளின் விளையாட்டுக்குக் கொடுத்திருந்த, கண்ணாடி கீறிய பழைய போனை வாங்கி, மொட்டை மாடி வெயிலில் ஒவ்வொரு பதிவையும் படித்துப் பார்த்தேன். பிறகு நடந்ததை அப்படியே எழுதினேன். அதை வெளியிடுகிற பொத்தானை அழுத்த எனக்கு ஒரு முழு நாள் ஆனது.

இரண்டாம் நாளே மேலதிகாரி கூப்பிட்டார். அவர் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த அரை மணி நேரத்தில் ராஜினாமாக் கடிதத்தின் முதல் வரிவரை யோசித்துவிட்டேன். அவர் எழுத்தில் விளக்கம் கேட்டார். கொடுத்தேன். படித்துவிட்டு, "இனிமே மருந்தளவு எதுவும் போடறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு தடவ காட்டிடுங்கம்மா" என்றார். அவ்வளவுதான்.

ஆடு மூன்றாம் நாள் தழை தின்றது. அடுத்த மாதம் அது சினை என்று தெரிந்தது. வெள்ளாட்டுக்கு ஐந்து மாதச் சினை. அது குட்டி போடுகிறவரை வாரத்துக்கு ஒரு முறை அக்காவைக் கூப்பிட்டேன். "நல்லாத்தான் மேயுது, நீங்க கவலப்படாதீங்க" என்பார். பயப்பட வேண்டியது ஆட்டுக்கு அல்ல, குட்டிக்குத்தான், அது ஊனமாகப் பிறக்கலாம் என்று அவரிடம் முதலிலேயே சொல்லியிருந்தேன். பக்கத்து வீட்டில் குழந்தை பிறந்ததைப் பார்க்கப் போனபோதுகூட, நான் முதலில் பார்த்தது அதன் கால்களை.

தை கடைசியில், எங்கள் பக்கம் அறுவடை மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்த நேரத்தில், அவரே கூப்பிட்டார்.

"ரெண்டு குட்டி போட்ருக்கு. ஒன்னு நல்லாக் குடிக்குது. இன்னொன்னு நிக்க மாட்டேங்குது. முன்னங்காலு மடங்கியே இருக்கு."

அன்றே போனேன். குட்டியின் கால்களை நீவி, மூங்கில் சிம்பு வைத்துக் கட்டினேன். பாலைக் கறந்து ஊட்டச் சொன்னேன். நான்காம் நாள் அது செத்துப்போனது. ஞாயிற்றுக்கிழமை மறுபடி போனேன். போய்ச் செய்வதற்கு எதுவும் இல்லை என்று தெரிந்தும் போனேன்.

"மருந்தாலயா?" என்று கேட்டார்.

"இருக்கலாம்க்கா. இல்லாமயும் இருக்கலாம். உறுதியாச் சொல்ல என்னால முடியல."

"ம்" என்றார். பிழைத்த குட்டி அவர் புடவை முந்தானையைக் கடித்து இழுத்துக்கொண்டிருந்தது. அதை விலக்கிவிட்டு எழுந்துபோய், உள்ளேயிருந்து ஒரு புது மருந்து பாட்டிலைக் கொண்டுவந்தார். மற்ற மூன்று ஆடும் சினை இல்லை, இப்போது கொடுக்கலாமா என்று கேட்டார். கொடுக்கலாம் என்றேன். ஒவ்வொரு ஆட்டையும் தூக்கி எடை பார்த்தோம். நான் அளவைச் சொல்ல வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். பாட்டிலைத் திருப்பி, அதில் ஒட்டியிருந்த தாளை வரி வரியாக விரல் வைத்துப் படித்தார். பிறகு சிரிஞ்சில் மருந்தை ஏற்றி, என் முன்னால் நீட்டினார்.

"இது சரியா, பாருங்க."

"சரிக்கா" என்றேன்.