நாலாகக் கிழித்த விண்போர்

முழங்காலில் புத்தகத்தைக் கவிழ்த்துப் போட்டு, அதன் முதுகை இரண்டு கட்டைவிரல்களாலும் அழுத்தி, சரக்கென்று நாலாகக் கிழிக்கிறார் கமாண்டர். பார்க்கிறவர்கள் 'ஐயோ' என்று பதறுகிறார்கள். அவருக்கு ஒன்றும் ஆவதில்லை. மருத்துவமனைச் சலவைக்கூடத்துச் சீருடைப் பைக்குள் அறுநூறு பக்க விண்போர்க் கதை அடங்காது, கால்வாசி அடங்கும்.

'கமாண்டர்' என்ற பட்டப்பெயர் நர்சுகள் வைத்தது. ராட்சத இயந்திரத்துக்குள் படுக்கை விரிப்புகளை அடைத்து, கதவை இழுத்துச் சாத்தி, "புறப்படு!" என்று உரக்கச் சொல்லித்தான் பொத்தானை அழுத்துவார். அது சுற்றி முடிக்கும் வரை ஸ்டூலில் உட்கார்ந்து படிப்பு. வாங்குவதெல்லாம் பழைய புத்தகக் கடையில், ஒரே ரகம்: விண்கப்பல்கள், படையணிகள், எதிரி வளைத்துக்கொண்ட ஏதோ ஒரு கிரகம். அட்டையில் எதுவும் வெடிக்காத புத்தகத்தை அவர் கையாலும் தொடமாட்டார்.

"சின்னப் பசங்க படிக்கிறதைப் போய் இந்த வயசுல படிக்கிறீங்களேப்பா" என்று மகள் சீண்டினால் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

"இங்க ஒரு விரிப்பு கிழிஞ்சா, யாரு கிழிச்சதுன்னு கூட்டம் போட்டுப் பேசறாங்க. அங்க கப்பல்ல ஓட்டை விழுந்தா, கேப்டன் 'என் பொறுப்பு'ங்கறான். அடைக்கறான். முடிஞ்சுபோச்சு!"

ஆனால் குண்டு மழையை அவர் விறுவிறுவென்று புரட்டிவிடுவார். போருக்கு முன்னால் கேப்டன் ஒவ்வொரு பிரிவாகக் கூப்பிட, 'தயார்', 'தயார்' என்று பதில் வருமே, அந்த இடத்தைத்தான் இரண்டு தடவை படிப்பார். அப்போது உதடு அசையும்.

படித்து முடித்த பகுதி பாய்லர்காரருக்குப் போகும். பக்கத்து அறையில் நீராவிக்குப் பொறுப்பான ஆள், சாப்பாட்டுக் கூட்டாளி. எப்போதும் ஒரு பகுதி பின்னால்தான் வருவார். ஒப்பந்தம் ஒன்றே ஒன்று: முன்னால் படித்தவர் வாயைத் திறக்கக் கூடாது. ஒருமுறை கமாண்டர் கைமறதியாக மூன்றாம் பகுதிக்குப் பதில் கடைசிப் பகுதியைக் கொடுத்துவிட்டார். கதையில் தளபதி சண்டைக்குக் கிளம்பும் முன்பே பாய்லர்காரர் அந்தத் தளபதியின் சவ அடக்கத்தைப் படித்துத் தொலைத்தார். அப்புறம் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

போன வாரம் பாய்லர்காரருக்கு இதயத்தில் அறுவைச் சிகிச்சை. அதே மருத்துவமனை, மேல்மாடி. கமாண்டர் சீருடையோடே போய்க் கட்டிலருகே நின்றார். அப்போதைய புத்தகத்தின் கடைசிப் பகுதி பாய்லர்காரருக்குப் பாதிதான் ஓடியிருந்தது. மொத்தப் படையும் தப்பிப்பதற்காக ஒரு சின்னக் காவல் கப்பல் தனியாகப் பின்தங்கி எதிரியை மறித்துக்கொண்டிருந்தது.

"அந்தச் சின்னக் கப்பல் திரும்பி வந்துச்சா, இல்லையா? அதை மட்டும் சொல்லிடு."

"படிச்சுத் தெரிஞ்சுக்கோ."

"யோவ், உள்ள கூட்டிட்டுப் போகப்போறாங்கய்யா. ஒருவேளை நான் வரலைன்னா?"

விடை கமாண்டருக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொன்னால் போதும், மனுஷன் நிம்மதியாக உள்ளே போவார். சொல்லிவிட்டால், வெளியே வந்து படிக்க அவருக்கு என்ன பாக்கி இருக்கும்?

"சொல்லமாட்டேன். ஒப்பந்தம்னா ஒப்பந்தம். வந்து படி."

"பாவி" என்று திட்டினார் பாய்லர்காரர். திட்டும்போதே சிரிப்பும் வந்துவிட்டது.

நர்ஸ் வந்து மூக்குக் கண்ணாடியைக் கழற்றச் சொன்னாள். பக்கத்தில் நின்ற பாய்லர்காரரின் மனைவி கையை நீட்டுவதற்குள் கமாண்டர் அதை வாங்கிக்கொண்டார். தள்ளுகட்டில் உள்ளே போய், கதவு சாத்திக்கொண்டது. அவர் அந்தக் கண்ணாடியை முகத்துக்கு நேரே தூக்கி, இரண்டு பக்கமும் வாயால் ஊதி, சட்டை நுனியால் துடைத்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மறுபடியும் ஊதித் துடைத்தார்.