மறியலில் சிக்கிய வழிகாட்டி

நார்தி ஒரெல்லானா சமூகவியல் வகுப்புகளை முடித்தபோது பட்டத்துக்கு மிச்சமிருந்தது ஆய்வேடு மட்டும்தான். அந்த 'மட்டும்' அவளுடைய முப்பதாவது பிறந்தநாளையும் தாண்டி நீண்டது. அதற்குள் நாங்கள், அவளோடு படித்தவர்கள், வேலைக்குப் போய், கல்யாணம் செய்து, சிலர் விவாகரத்தும் வாங்கிவிட்டோம். அவள் மருந்துக்கடையில் நின்று மாத்திரை விற்றுக்கொண்டே எழுதினாள்.

தலைப்பு, பொலிவியாவின் சாலை மறியல்கள். எந்தப் பாதை அடைபட்டிருக்கிறது என்று கேட்காமல் எங்கள் ஊரான கோச்சபாம்பாவில் யாரும் வீட்டை விட்டுக் கிளம்புவதில்லை. அவள் வேறு எதை எழுதுவாள்? ஆய்வு வழிகாட்டியாக வாய்த்தவர் பேராசிரியர் டாக்டர் காஸ்தோன் உர்கிதி. மறியலைப் பற்றியே இரண்டு தடித்த புத்தகங்கள் எழுதியவர்.

"ரொம்ப அகலமா இருக்கும்மா. குறுக்கு," என்றார்.

நாட்டை நகரமாகக் குறுக்கினாள். நகரத்தைத் தெற்குப் பாலமாகக் குறுக்கினாள்.

"ஒரே ஒரு பாலமா? இதை வச்சு என்ன சொல்ல முடியும்? கொஞ்சம் விரி."

விரித்துக்கொண்டு போனபோது அவர் ஸ்பெயினுக்குப் போயிருந்தார். திரும்பி வந்ததும் அன்போடு விசாரித்தார்: "நீ சந்தைகளைப் பத்தித்தானே எழுதுற?"

பாலத்தில் மறியல் செய்தவர்கள் நடைபாதை வியாபாரிகள். பாலத்துக்கு விளக்கு வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. தலைவி செவெரா, மரியாதைக்குத் 'தோன்யா' செவெரா, சோள இலையில் பொதிந்து அவித்த உமிந்தா விற்பவள். கேள்வி கேட்கப் போன நார்திக்கு உமிந்தா கொடுத்து உட்காரவைத்தார்கள். பிறகு அவளைப் பார்க்கும்போதெல்லாம் நலம் விசாரிப்பதற்குப் பதிலாக, "உன் டாக்டர் நீ எழுதினதைப் படிச்சு முடிச்சாரா?" என்று கேட்கத் தொடங்கினார்கள்.

ஓய்வு பெறும் வருஷத்தில் டாக்டருக்குத் திடீரென்று அவசரம் வந்தது. "போதும்மா, நல்லாத்தான் இருக்கு. வியாழக்கிழமை வாய்மொழித் தேர்வு வச்சிடலாம்."

அந்த வியாழக்கிழமை காலை தேர்வாளர்கள் வந்துவிட்டார்கள். தேர்வு முடிந்ததும் சாப்பிட நான் வாங்கிவந்த, இறைச்சி வைத்துச் சுட்ட சால்தேன்யாக்கள் சூடாகக் காத்திருந்தன. வழிகாட்டியைத்தான் காணோம். நார்தியின் போன் அடித்தது.

"நார்தி, தெற்குப் பாலத்துல நிக்கிறேன். கல்லும் டயருமா போட்டு வச்சிருக்காங்க. இவங்ககிட்ட எப்படிப் பேசுறது?"

புதுச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அவள் ஓடினாள், பின்னால் நான். பாலத்தில் டாக்டர் காருக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார். செவெரா விரலால் கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"இவரா உன் ஆளு?" என்று நார்தியிடம் கேட்டாள். கண்ணாடி மெல்ல இறங்கியது. "டாக்டரே, எங்க பொண்ணு எழுதினதைப் படிச்சீங்களா?"

"படிக்காம இருப்பேனா, தோன்யா?"

"அப்ப சொல்லுங்க, நான் அதுல எங்க வர்றேன்?"

அவர் லேசுப்பட்டவரல்ல. "உங்க பேரை மாத்தி எழுதச் சொன்னதே நான்தான். உங்க பாதுகாப்புக்காக."

"நல்லது. மாத்தி என்ன பேரு வச்சிருக்கா?"

டாக்டர் நார்தியைப் பார்த்தார். நார்தி ஆற்றைப் பார்த்தாள். சொல்லிக் காப்பாற்ற ஒரு நொடி போதும். இத்தனை வருஷம் காத்திருந்தவளுக்கு அன்று ஏனோ அவசரமே இல்லை. டாக்டரின் காது சிவந்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"ஹசிந்தா."

"அடிப் பாவி! என் நாத்தனார் பேருடி அது!" என்று செவெரா கத்த, பாலமே சிரித்தது.

அந்தச் சிரிப்பில்தான் அவருக்கு வழி கிடைத்தது. கார் நிற்கட்டும், ஐயா நடந்து போகலாம், ஆனால் கடக்கிறவர்கள் ஆளுக்கொரு கல் வைத்துவிட்டுப் போக வேண்டும் என்றார்கள். கோட்டும் டையுமாக அவர் குனிந்து கல் வைத்ததை யாரோ படம் எடுத்தார்கள்.

தேர்வில், மறியல் என்றால் என்ன என்று ஒரு தேர்வாளர் நார்தியைக் கேட்டார். அவள் வாயெடுக்குமுன் டாக்டர் முந்திக்கொண்டார். மறியல் என்பதை உலகத்தில் முதன்முதலாகக் கண்டவர் போல, கல்லின் கனம் முதல் டயர்ப் புகைவரை வர்ணித்தார். நேரமாகிவிட்டதால் அவளை வேறெதுவும் கேட்காமல் முதல் தரத்தில் தேர்ச்சி கொடுத்தார்கள். ஊர் வழக்கப்படி அவள் தலையில் நாங்கள் வண்ணக் காகிதத் துண்டுகளைக் கொட்டினோம். சால்தேன்யா ஆறிப்போயிருந்தது.

சில மாதம் கழித்து 'ஒரு மறியலின் உள்ளே' என்று டாக்டரின் கட்டுரை வெளிவந்தது, கல் வைக்கும் படத்தோடு. கடைசி வரியில் "என் மாணவர்களுக்கு" நன்றி சொல்லியிருந்தார். நார்தி அதைப் படித்துவிட்டு, திட்டாமல், செவெராவிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். செவெரா படத்தைப் பெரிதாக்கி நகராட்சிக்கு எடுத்துப் போனாள். இவ்வளவு பெரிய டாக்டரே தெருவுக்கு வந்துவிட்டாரா என்று அதிகாரிகள் பயந்துபோய் உடனே பாலத்துக்கு விளக்குப் போட்டுவிட்டார்கள்.

நார்தி இன்னும் அதே மருந்துக்கடையில்தான் இருக்கிறாள். பட்டம் வாங்கியவள் என்பதால் இப்போது எல்லாரும் பட்டத்தைச் சொல்லி மரியாதையாகக் கேட்கிறார்கள்: "லிசென்சியாதா, தலைவலிக்கு ஏதாவது கொடுங்களேன்."